தாமிரபரணி ஜலமும் கிராமத்தார் கடமையும்

பொதிகை மலையில் உற்பத்தியாகிப் புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவிற் கலக்கும் தாமிரபரணி, ஏறத்தாழ 128 கிலோமீட்டர் தூரமே ஓடுகிறது. நீளத்திற் சிறிதாயினும், கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் ஈறாகவுள்ள எட்டு அணைக்கட்டுகளின் மூலம் சுமார் 86,000 ஏக்கர் நிலத்திற்குப் பாசனம் அளிப்பதோடு, திருநெல்வேலி, தூத்துக்குடி ஜில்லாக்களில் எண்ணிறந்த ஊர்களுக்குக் குடிதண்ணீரும் தந்து வருகிறது. இந்நதியில் ஜலம் எவ்வளவு வருகிறது என்பதைக் குடியானவர்கள் எக்காலத்தும் கருத்துடன் கவனித்தே வந்திருக்கின்றனர். காருக்கும் பிசானத்திற்கும் அணை திறக்கும் நாளையும், மடையில் நிற்கும் நீர்மட்டத்தையும் அவர்களுக்கு ஒருவர் சொல்லவேண்டியதில்லை. ஆனால் வரும் ஜலம் எத்தகையது என்பதை அதே கருத்துடன் பார்த்து எழுதி வைக்கும் வழக்கம் நம் கிராமங்களில் வேரூன்றவில்லை. அது இப்பொழுது அவசியமாகி விட்டது.

நதியின் நிலைமை

அழுகும் பொருள்களைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் ஜலத்திலுள்ள பிராணவாயுவைச் செலவழிக்கின்றன. இவ்வாறு வேண்டப்படும் பிராணவாயு லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் அந்த ஜலம் மாசடைந்ததாகக் கொள்ளப்படும். இக்கணக்கின்படி மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018-ம் வருஷத்தில் நாடெங்கும் 351 நதிப்பகுதிகளை மாசடைந்தவையாகக் குறித்தது. தாமிரபரணியில் பாப்பான்குளம் முதல் ஆறுமுகநேரி வரையுள்ள பகுதி அவற்றுள் ஒன்று. எனினும், ஐந்து வகுப்புகளில் மாசு மிகக் குறைந்ததான ஐந்தாம் வகுப்பிலேயே அது சேர்க்கப்பட்டது. நோய் கண்டுவிட்டது, ஆனால் முற்றிவிடவில்லை என்பதே இதன் பொருள்.

நகரங்களின் சாக்கடை நீர் இதற்கு முக்கியமான காரணமாகும். பழவூர் அணைக்கட்டிலிருந்து வரும் பாளையங்கால்வாயும், சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து வரும் நெல்லைக் கால்வாயும் வீடுகள் நெருங்கிய நகரப் பகுதிகளின் ஊடே சென்ற பின்னரே கீழேயுள்ள வயல்களை அடைகின்றன. நதி மாசு பற்றிய வழக்கொன்றில், சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை நீதிபதிகள் 2024-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் நேரில் வந்து நதியைப் பார்வையிட்டனர்.

சாக்கடை நீர் பயிருக்கு உரமாகாதா எனச் சிலர் வினவக்கூடும். அதில் தழைச்சத்து உண்டு என்பது மெய்யே. ஆனால் அச்சத்து வேண்டிய காலத்தில் வேண்டிய அளவாக வருவதன்று. கதிர் வாங்கும் பருவத்தில் மிகுதியாகப் பாய்ந்தால், நெற்பயிர் தழைத்துச் சாய்ந்துவிடும், குலைநோய்க்கும் இடமாகும், பதரும் மிகும். மேலும் அதிலுள்ள நோய்க்கிருமிகள், சேற்றில் இறங்கி நடவு நடுவோரையும் கீழூர்களில் அந்த ஜலத்தைப் பருகுவோரையும் தாக்கக்கூடும்.

விடியற்காலத்தின் முக்கியத்துவம்

அதிகாரிகள் நதிக்கரையில் குறித்த சில இடங்களில் காலக்கிரமப்படி மாதிரி ஜலம் எடுத்துப் பரிசோதிக்கின்றனர். அது இன்றியமையாத வேலை. ஆயினும் நதி ஒரே நிலையில் ஓடுவதில்லை. பாசியும் வெங்காயத் தாமரையும் மண்டிய ஜலத்தின் இயல்பை எடுத்துக்கொள்வோம். பாசி பகலில் வெயிலின் உதவியால் பிராணவாயுவை வெளியிடும். இரவிலோ, பாசியும் மீனும் நுண்ணுயிரும் அதைச் செலவழிக்குமேயன்றி உண்டாக்குவார் இல்லை. ஆகையால் ஜலத்தில் கரைந்துள்ள பிராணவாயு விடியுமுன் மிகக் குறைந்தும், பிற்பகலில் மிகுந்தும் இருக்கும். நண்பகலில் எடுத்த மாதிரி நன்றாகத் தோன்றும் அதே இடத்தில், மீன்கள் வைகறையில் மேலே வந்து வாய் திறந்து தவிக்கக் காணலாம். அந்நேரத்தில் அங்கே நிற்பவர் மடை திறக்கப்போகும் விவசாயியேயன்றி வேறு யார்? பரிசோதனைச் சாலை காணாததை அவர் காண்கிறார். ஆனால் அவர் கண்டது எழுதப்படாமற்போனால் ஊர்ப்பேச்சாகவே முடிந்துவிடும்.

எழுதவேண்டியவை

சாகுபடியை அடங்கலில் பதிவதுபோல, நதிக்கும் ஓர் அடங்கல் வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். நாள், நேரம், இடம் ஆகிய மூன்றையும் முதலில் எழுதுக. பின்னர் ஜலத்தின் நிறம், நாற்றம், நுரை, செத்த மீன், முந்திய நாள் மழை ஆகியவற்றைக் குறிக்கவும். அணைக்கட்டின் கீழ் சிறிது நுரை இயற்கையாகவும் உண்டாகும். சோப்பு நாற்றத்துடன் நெடுநேரம் கலையாத நுரையே ஐயத்திற்குரியது.

எளிய கருவிகளும் உண்டு. வெண்மையான வட்டத் தகட்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, எத்தனை அடி ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறதெனப் பார்ப்பதால் கலங்கலை அளவிடலாம். கையடக்கமான மின்கடத்தல் மானியால் உப்பை அறியலாம். பாசன ஜலத்திற்கு அதன் அளவு 2,250 மைக்ரோமோவுக்கு மேற்படலாகாது. கரைந்துள்ள பிராணவாயுவைச் சிறு பரிசோதனைப் பெட்டியால் காணலாம். குளிப்பதற்குரிய ஜலத்தில் அது லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையலாகாது. மலக்கலப்பை அறிய ஒருவகை மருந்துக் குப்பி உண்டு. ஜலத்தை ஊற்றி ஓரிரு நாள் வைத்திருக்க, அது கறுத்தால் கலப்பு உண்டென ஐயுறவேண்டும்.

செலவில்லாத முறை மற்றொன்று. பாபநாசம் போன்று கல் நிறைந்த இடங்களில் ஒரு கல்லைப் புரட்டிப் பார்க்கலாம். மூன்று வால் இழைகளையுடைய சிறு பூச்சிகள் அடியில் ஒட்டியிருந்தால் ஜலம் பெரும்பாலும் நல்லது. அவை மறைந்து, சேற்றில் சிவந்த நூற்புழுக்கள் மட்டும் பெருகியிருந்தால் பிராணவாயு குறைந்துவிட்டதென அறியலாம்.

சட்டத்தின் வரம்பு

இக்குறிப்புகளைக் கொண்டே ஒருவரைக் குற்றவாளியென முடிவு செய்தல் தகாது. 1974-ம் வருஷத்து ஜல மாசுத் தடுப்புச் சட்டத்தின்படி, வாரியத்தின் அதிகாரி முறைப்படி அறிவிப்புக் கொடுத்து, முத்திரையிட்டு எடுத்த மாதிரியின் முடிவே சட்ட நடவடிக்கையில் சாட்சியமாகும். கிராமத்தார் குறிப்பின் பயன் வேறு. எந்த மதகருகே, எந்தக் கிழமை, எந்நேரத்தில் வந்தால் உண்மையைக் காணலாம் என்பதை அது அதிகாரிக்குக் காட்டும். ஒரு நாளைய புகாரைப் புறக்கணிக்கலாம். மூன்று மாதம் தொடர்ந்து ஒரே இடத்தில் எழுதிய கணக்கைப் புறக்கணிப்பது எளிதன்று.

முன்மாதிரிகள்

பொதுமக்களால் இத்தகைய பணி நடவாதென எண்ண வேண்டியதில்லை. தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைகளைக் கணக்கிடும் வேலை, மணிமுத்தாற்றிலுள்ள அகஸ்தியமலை மக்கள் சார் இயற்கைவளக் காப்பு மையத்தாரின் முயற்சியால் 2011 முதல் தொண்டர்களைக் கொண்டே நடந்துவந்திருக்கிறது. 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில், கிராமந்தோறும் ஐந்து பெண்களுக்குக் குடிதண்ணீர்ப் பரிசோதனையில் பயிற்சி அளிக்க ஏற்பாடு செய்யப்பட்டது. பெட்டியைக் கையாளக் கற்ற அவர்களைக் கொண்டே கால்வாய் ஜலத்தையும் சோதிக்கலாம்.

தொடங்கும் முறை

அணைக்கட்டுக்கு ஒன்று, கால்வாய் ஊருக்குள் புகுமிடத்தில் ஒன்று, ஊரைவிட்டு வெளியேறுமிடத்தில் ஒன்று, கடைமடையில் ஒன்று என நான்கு இடங்களைத் தேர்ந்து, வாரம் ஒரு விடியற்காலையில் ஒரே கருவியால் சோதிக்க வேண்டும். புகுமிடத்தின் அளவையும் வெளியேறுமிடத்தின் அளவையும் ஒப்பிட்டால், கேடு மேலிருந்து வந்ததா, தம் ஊரிலேயே சேர்ந்ததா என்பது விளங்கும். பிந்தியதாயின் அதையும் ஒளியாமல் எழுதவேண்டும். அயலூரைக் குறைகூறுமுன் தம்மூர்ச் சாக்கடையைத் திருப்புவதே முறை. நோட்டுப் புத்தகத்தைப் பாசன நீரைப் பயன்படுத்துவோர் சங்கம் வைத்துக்கொள்ள, கிராம நிர்வாக அலுவலர் மாதந்தோறும் பார்வையிட்டு, அதன் பிரதியை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஜில்லா அலுவலகத்திற்கும் நீர்வளத் துறைக்கும் அனுப்பலாம்.

மேல்மடைக்காரர் கழித்துவிட்ட ஜலத்தையே கடைமடைக்காரர் பருகுகிறார். ஜலத்தின் அளவில் நியாயம் கேட்கும் நிலச்சொந்தக்காரர்கள், அதன் தூய்மையிலும் நியாயம் கேட்கவும், தாமும் அதன்படி ஒழுகவும், எதிர்வரும் பிசானத்திலேயே இக்கணக்கைத் தொடங்குவார்களாக.