நீரை விலக்கும் மெழுகு: தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓர் ஓவியப் பாடம்

பள்ளியிலிருந்து திரும்பும் பிள்ளையிடம் கணக்குப் புள்ளியையும் மொழிப்பாடப் புள்ளியையும் தவறாமல் கேட்டறியும் பெற்றோர் பலர், அதே பிள்ளை கொண்டுவரும் ஓவியத் தாளை ஏறிட்டும் பார்ப்பதில்லை. வண்ணம் பூசுவது பொழுதுபோக்கு, அதனால் வயிறு நிறையாது என்பது அவர்களின் எண்ணம். இவ்வெண்ணம் சரியானதன்று. முறையாகக் கற்பிக்கப்படும் ஓவியப் பாடம், முன்கூட்டித் திட்டமிடுவதையும் பொறுமையையும் உற்று நோக்குவதையும் பிள்ளைக்குப் பழக்குகிறது. மிகக் குறைந்த செலவில் வீட்டிலும் செய்து பார்க்கக்கூடிய ஒரு முறையைக் கொண்டு இதனை விளக்குவோம்.

நமது நாட்டின் தொடக்கப்பள்ளிகளில் ஓவியம் ஒரு முறையான பாடமாகும். 1983-ஆம் ஆண்டு நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த புதிய கலைத்திட்டத்திலும், 2011-இல் தொடங்கிய தரநிலைக் கலைத்திட்டத்திலும் அதற்கு இடம் அளிக்கப்பட்டது. படம் வரைதலோடு வடிவமைப்பு, உருவம் செய்தல், மரபுக் கைவினை ஆகியவையும் அப்பாடத்தில் அடங்கின.

மெழுகு செய்யும் வேலை

சேம்பிலையில் விழும் மழைத்துளி இலையை நனைக்காமல் முத்துப்போல் உருண்டோடுவதை நாம் அறிவோம். அவ்விலையின் மேற்பரப்பு மெழுகுத் தன்மை கொண்டது. மெழுகும் நீரும் ஒன்றோடொன்று சேர்வதில்லை. தாளில் மெழுகால் கோடிட்டு, அதன்மேல் நீர்வண்ணம் பூசினால், மெழுகு பட்ட இடம் வண்ணத்தை ஏற்காது. மற்ற இடம் உறிஞ்சிக்கொள்ளும். இதுவே மெழுகுத் தடுப்பு முறை.

இது புதியதன்று. சோழமண்டலக் கரையில் துணிக்கு நீலச்சாயம் தோய்த்த கைவினைஞர்கள், நீலம் ஏறக்கூடாத பகுதிகளை மெழுகால் மூடினார்கள். கிளந்தான், திரங்கானு மாநிலங்களின் பாத்தேக் துணியும் இதே முறையில் உருவாவதே. பினாங்கைச் சேர்ந்த சுவா தியான் தெங், 1950-களில் பாத்தேக்கைத் துணிவேலையிலிருந்து ஓவியக்கலைக்கு உயர்த்தினார். 1968-இல் அவரது ஓவியம் ஒன்று யூனிசெஃப் வாழ்த்து அட்டைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. எனினும், பாத்தேக்கிற்குக் கொதிக்கும் மெழுகு தேவை. சிறு பிள்ளைகளுக்கு அது ஆகாது. ஏற்றப்படாத வெள்ளை மெழுகுவர்த்தியும், கிரேயான் எனப்படும் மெழுகு வண்ணக்கோலுமே அவர்களுக்குப் போதும்.

கற்பிக்கும் முறை

செமினி வட்டாரப் பிள்ளைகளுக்கு ஏற்ற பொருள் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: விடியற்காலைப் பால்வெட்டு.

முதலாவதாக, பிள்ளை சற்றுத் தடித்த வெள்ளைத் தாளில் பால்மரங்களையும் மங்கையும் பென்சிலால் மெல்லக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவதாக, வெளிச்சமாக இருக்க வேண்டியவற்றை மெழுகால் அழுத்தி வரைய வேண்டும். வெட்டுபவரின் தலைவிளக்கிற்கு மஞ்சள் வண்ணக்கோலும், மரப்பட்டைக்குப் பழுப்பு நிறமும், வழியும் பாலுக்கும் பனிமூட்டத்திற்கும் மெழுகுவர்த்தியும் பயன்படும். வெள்ளைத் தாளில் வெள்ளை மெழுகு தெரியாது. தாளைச் சாய்த்து ஒளியில் பார்த்தால் கோடு பளபளக்கும்.

மூன்றாவதாக, கருநீல நீர்வண்ணத்தைத் தாள் முழுவதும் பூச வேண்டும். வண்ணம் தேநீரைப்போல் நீர்த்திருக்க வேண்டும். கஞ்சியைப்போல் கெட்டியாக இருந்தால் மெழுகையும் மூடிவிடும். ஒரே திசையில் ஒருமுறை பூசினால் போதும். இருள் பரவப் பரவ விளக்கொளியும் பாலும் தாமாகவே மேலெழுந்து தோன்றும். அக்கணத்தில் பிள்ளைகளின் முகத்தில் தோன்றும் வியப்பே ஆசிரியருக்குக் கிடைக்கும் பரிசு.

இம்முறையில் ஒரு கண்டிப்பு உண்டு. வண்ணம் பூசிய பின், விட்டுப்போன வெள்ளைக் கோட்டைச் சேர்க்க இயலாது. எதை இருளில் விடுவது, எதை ஒளியில் காட்டுவது என்பதை முன்னரே முடிவுசெய்ய வேண்டும். ஆகவே, ஆசிரியர் கரும்பலகையில் ஒரு படம் வரைந்து அனைவரையும் அதைப் பார்த்தெழுதச் செய்வதால் பயனில்லை. சிந்திக்கும் வேலை பிள்ளையினுடையதாக இருத்தல் வேண்டும்.

பெற்றோரின் பங்கு

செமினியைச் சுற்றிலும் பல தோட்டங்கள் இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. ரிஞ்சிங், டொமினியன் ஆகிய தோட்டப் பெயர்களைத் தமிழ்ப்பள்ளிகள் தாங்கி நிற்கின்றன. அங்குப் பயிலும் பிள்ளைகள் அனைவரும் பால்வெட்டை நேரில் கண்டிருப்பார்கள் என்று சொல்வதற்கில்லை. வெட்டுக்கோடு எந்தப் பக்கம் சாயும் என்று பிள்ளை கேட்டால், விடையளிக்கத் தகுதியானவர்கள் தொழிலாளர்களாகிய நீங்களே. கோடு இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ வேண்டும். பட்டையிலுள்ள பால்குழல்கள் அதற்கு எதிராகச் சாய்ந்திருப்பதால், அவ்வாறு வெட்டும்போதுதான் அதிகக் குழல்கள் அறுபட்டுப் பால் கூடுதலாகக் கிடைக்கும். உங்கள் கைப்பழக்கத்தில் உள்ள இவ்வறிவை, ஓர் ஓவியத் தாள் அடுத்த தலைமுறைக்குக் கொண்டுசேர்க்கிறது.

ரப்பருக்கும் ஓவியத்திற்கும் உள்ள உறவு பழமையானது. பென்சில் கோட்டை இப்பொருள் அழிக்கும் என்று 1770-இல் ஆங்கில அறிஞர் ஜோசப் பிரீஸ்ட்லி குறிப்பிட்டார். தேய்த்து அழிப்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்தே ரப்பர் என்னும் பெயர் பிறந்தது. இன்றும் நீர்வண்ண ஓவியர்கள் வெள்ளையாக விட வேண்டிய இடங்களை மறைக்கக் கடையில் வாங்கும் திரவங்கள் பலவற்றில், அமோனியா கலந்த ரப்பர் பாலே மூலப்பொருளாக உள்ளது. பால் உலர்ந்த பின் வண்ணம் பூசி, வண்ணம் காய்ந்ததும் விரலால் தேய்த்தால், பால் உருண்டு வந்துவிடும். அடியில் வெள்ளைத் தாள் தெரியும்.

பெரிய பிள்ளைகள் இதனைப் பெரியவர்களின் மேற்பார்வையில் செய்து பார்க்கலாம். அன்று வெட்டிய பாலைக் கட்டியாகும் முன், தூரிகைக்குப் பதிலாக ஈர்க்குச்சியால் தொட்டு இட வேண்டும். மெல்லிய தாள் கிழிந்துவிடும். உடையில் பட்ட பால் போகாது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரப்பர் பால் பட்டால் தோல் தடிக்கும் பிள்ளைகளுக்கு இது வேண்டாம்; அமோனியா கலந்த பால் கண்ணையும் மூக்கையும் எரிக்குமாதலால் அதையும் தவிர்க்க வேண்டும்.

இவற்றிற்குப் பெருஞ்செலவு இல்லை. ஒரு மெழுகுவர்த்தி, சில வண்ணங்கள், ஒரு தாள், பெற்றோரின் அரைமணி நேரம் ஆகியவையே தேவை. அடுத்த முறை பிள்ளை ஓவியத்தோடு வீடு திரும்பும்போது, எத்தனை புள்ளி என்று கேட்பதற்கு முன், எதை முதலில் வரைந்தாய் என்று கேளுங்கள்.