பத்து சென்ட் விண்வெளி

வியாழன் கிரகத்தில் விண்கலம் ஒன்று விழுந்து நொறுங்குகிறது. தாயும் தகப்பனும் இறந்துபோக, கைக்குழந்தையை ஒரு வாட்பல் புலி எடுத்து வளர்க்கிறது. அங்கே ஈர்ப்பு விசை அதிகம் அல்லவா? பையன் அசுர பலத்தோடு வளர்ந்து 'ஆரோ, வியாழனின் அதிபதி' ஆகிவிடுகிறான். வியாழனில் காலூன்றத் தரையே கிடையாது என்பது இன்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அன்று பத்து சென்ட் நாணயத்தைக் கடைக்காரரிடம் நீட்டி 'பிளானட் காமிக்ஸ்' வாங்கிய அமெரிக்கப் பையனுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. புலி வருகிறதா, சண்டை வருகிறதா, அது போதும்.

1940 ஜனவரியில் நியூயார்க்கில் தொடங்கிய இதழ் இது. 73 இதழ்கள் வந்து 1953 குளிர்காலத்தோடு நின்றுபோனது. பக் ரோஜர்ஸையும் ஃப்ளாஷ் கார்டனையும் இங்கே அறிமுகப்படுத்தத் தேவையில்லை. இந்திரஜால் காமிக்ஸ் படித்த தலைமுறைக்கு ஃப்ளாஷ் கார்டன் வீட்டுப் பிள்ளை மாதிரி. ஆனால் அவர்கள் இருவரும் செய்தித்தாளில் தினமும் நாலு கட்டமோ, ஞாயிறு அன்று ஒரு பக்கமோ வந்துபோனவர்கள். பிளானட் காமிக்ஸ் கதம்ப இதழ். ஒரே இதழுக்குள் ஃப்ளின்ட் பேக்கர், ஆரோ, ஸ்டார் பைரேட், கேல் ஆலன் என்று ஆளுக்குச் சில பக்கம். ஒருவர் செவ்வாயில் சண்டை போட்டு முடித்தால் அடுத்தவர் வெள்ளியில் தொடங்குவார்.

அட்டைப் படத்துக்கு மாறாத சூத்திரம் ஒன்று உண்டு. ஒரு பக்கம் கதிர்த் துப்பாக்கியோடு நாயகன், இன்னொரு பக்கம் வாயைப் பிளந்த பூதம், இரண்டுக்கும் நடுவே ஒரு பெண். நாயகன் கழுத்து வரை மூடிய விண்வெளி உடையில் இருப்பான். அதே வெற்றிடத்தில் நிற்கும் பெண்ணுக்கு நீச்சலுடை போதும் என்று முடிவு செய்திருந்தார்கள்.

"விண்வெளி நாயகர்களைப் பற்றி எழுதுங்கள், படம் போட நன்றாக இருக்கும்" என்றுதான் என்னிடம் சொன்னார்கள். படம் நன்றாகத்தான் இருக்கிறது. நாயகர்களைப் பற்றி எழுதத்தான் அதிகம் இல்லை. எல்லோருக்கும் ஒரே தாடை, ஒரே துப்பாக்கி, ஒரே கோபம். அவர்களை வரைந்து கொடுத்தவர்களின் கதை வேறு ரகம்.

அமெரிக்கா போரில் இறங்கியதும் ஓவியர்கள் பட்டாளத்துக்குப் போனார்கள். காலியான நாற்காலிகளில் பெண்களும், மீசை அரும்பாத பையன்களும் வந்து உட்கார்ந்தார்கள். அப்படி வந்தவர் லிலி ரெனே. 1921இல் வியன்னாவில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். நாஜிகள் ஆஸ்திரியாவைப் பிடித்த பிறகு, யூதப் பிள்ளைகளை இங்கிலாந்துக்கு ஏற்றிச்சென்ற ரயில்களில் ஒன்றில் 1939இல் தனியாக ஏறினார். அங்கே வீட்டு வேலை செய்தார், மருத்துவமனையில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார். பிறகு கப்பலேறி நியூயார்க்கில் பெற்றோரோடு சேர்ந்தார். காமிக்ஸ் ஓவியர்கள் தேவை என்ற விளம்பரத்தைச் செய்தித்தாளில் பார்த்துச் சொன்னவர் அம்மா. வேலையில் சேர்ந்ததும் கொடுத்த பணி, மற்றவர்கள் மை போட்டு முடித்த பக்கங்களில் பென்சில் கோடுகளை அழிப்பது. அதிலிருந்து மேலே வந்து அவர் வரைந்த தொடர்களில் ஒன்று பிளானட் காமிக்ஸின் 'லாஸ்ட் வேர்ல்டு'.

அந்தத் தொடரில் பூமி ஏற்கெனவே தோற்றுவிட்டது. வோல்டாமென் என்ற பச்சைத்தோல் படையெடுப்பாளர்கள் நகரங்களையெல்லாம் இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். மிஞ்சிய கொஞ்சம் மனிதர்களில் ஒருவன் ஹன்ட் போமன். அவனிடம் கதிர்த் துப்பாக்கி கிடையாது, வில்லும் அம்பும்தான். இடிபாடுகளுக்குள் ஒளிந்து ஒளிந்து எதிரியை அடிக்கிறான். வோல்டாமென் தலையில் இருப்பது கூர்முனை வைத்த, பழைய ஜெர்மானியப் பட்டாளத்துப் பாணி கவசம். அந்தக் கவசம் ரெனேவின் கற்பனை அல்ல, அவருக்கு முன் வரைந்தவர்கள் வைத்துவிட்டுப் போனது. ஆனாலும் அப்படிப்பட்ட பட்டாளம் தன் ஊருக்குள் நடந்து வந்ததைக் கண்ணால் பார்த்த பெண்ணின் கைக்கு அந்தக் கதை போய்ச் சேர்ந்தது. ஹன்ட் போமன் ஜெயித்தானா என்று கேட்கிறீர்களா? அவ்வப்போது ஒரு சண்டையில் ஜெயிப்பான். உலகம் மட்டும் இடிந்தபடியேதான் இருக்கும்.

ரெனேவுக்கு வாசகர் கடிதங்கள் வந்தன. படத்தில் 'எல். ரெனே' என்று மட்டும் கையெழுத்து இருந்ததால், எழுதியவர்கள் 'மிஸ்டர் ரெனே' என்றே விளித்தார்கள்.

ரெனேவாவது கையெழுத்துப் போட்டார். அதே இதழில் ஃபிரான் ஹாப்பர் என்ற பெண், கேல் ஆலனையும் அவளுடைய பெண்கள் படையையும் வரைந்துகொண்டிருந்தார். 'மிஸ்டா ஆஃப் தி மூன்' தொடரை வரைந்தவர்களில் ஒருவர் மேட் பேக்கர். கறுப்பினத்தவர், இதய நோயோடு வாழ்ந்து 1959இல், நாற்பது வயதைத் தொடும் முன்பே இறந்துபோனார். கறுப்பின மனிதன் பேருந்தில் எந்த இருக்கையில் உட்காரலாம் என்பதற்குச் சட்டம் இருந்த நாட்டில், சந்திரனில் ஆட்சி செய்யும் பொன்னிறக் கூந்தல்காரியை ஒரு கறுப்பினத்தவர் வரைந்துகொண்டிருக்கிறார் என்பது வாங்கிப் படித்த எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

தெரியாது. ஏனென்றால் தலைப்புக்குக் கீழே அச்சான பெயர் பல நேரங்களில் யாருடைய பெயரும் அல்ல. பதிப்பகம் தானே கட்டி வைத்திருந்த பொதுப்பெயர். இன்று ஒருவர் எழுதுவார், நாளை அவர் போய்விட்டால் இன்னொருவர் எழுதுவார். பெயர் மட்டும் மாறாது. வேலை செய்பவர் சம்பளத்தோடு போய்விட வேண்டும், புகழ் பதிப்பகத்துக்குச் சொந்தம். மூலப் படங்களும் அப்படித்தான். அந்தக் காலத்து வழக்கப்படி அவை பதிப்பகத்தின் சொத்து. அச்சு முடிந்தால் குப்பைக்குப் போனவை எத்தனையோ.

பின் எப்படி இன்று பெயர்கள் தெரிகின்றன? சில ரசிகர்கள் பழைய இதழ்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, மூக்கின் நிழல் எப்படி விழுகிறது, விரல்கள் எப்படி மடங்குகின்றன, கூந்தலில் மை எங்கே அடர்கிறது என்று பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். கையெழுத்து உள்ள பக்கத்தோடு கையெழுத்து இல்லாத பக்கத்தை ஒப்பிட்டார்கள். சிலர் உயிரோடிருந்த ஓவியர்களைத் தேடிப்போய் நேரில் கேட்டார்கள். பெண் ஓவியர்களின் வரலாற்றை இப்படித் தோண்டியெடுத்தவர்களில் முக்கியமானவர் ட்ரினா ராபின்ஸ். அவர் எழுதிய பிறகுதான் லிலி ரெனேவுக்கு மறுபடி வெளிச்சம் வந்தது. 2007இல் சான் டியாகோ காமிக்ஸ் விழாவுக்கு ரெனே விருந்தினராக வந்தபோது வயது எண்பத்தாறு.

1950களின் கதம்ப இதழ்கள் ஓவியர் பெயர் விஷயத்தில் கொஞ்சம் தேவலாம். ஒரே பதிப்பகத்தின் 'வியர்டு சயின்ஸ்', 'வியர்டு ஃபேன்டஸி' இரண்டும் 1950இல் வந்தன. (இரண்டுமே காதல் கதை இதழ்களாக இருந்து பெயர் மாறியவை, புது இதழுக்குப் புதிதாகத் தபால் அனுமதி வாங்கும் செலவை மிச்சம் பிடிக்க, பழைய வரிசை எண்ணையே தொடர்ந்தார்கள். முதல் இதழுக்கு எண் ஒன்று கிடையாது. சேகரிப்பாளர்கள் இன்றும் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள்.) வாலி வுட், அல் வில்லியம்சன், ஜோ ஆர்லாண்டோ எல்லோரும் தங்கள் பெயரிலேயே வரைந்தார்கள். ஓவியரின் படத்தோடு வாழ்க்கைக் குறிப்பும் இதழிலேயே வந்தது. பதிப்பாளர் மூலப் படங்களையும் எறியாமல் பத்திரப்படுத்தினார். அந்தக் கதைகள் திரும்பத் திரும்ப நல்ல அச்சில் வருவதற்கு அதுதான் காரணம்.

அதே பதிப்பகத்துக்காக 1953இல் ஆர்லாண்டோ வரைந்த 'ஜட்ஜ்மென்ட் டே' இன்னும் பேசப்படுகிறது. ரோபோக்கள் வாழும் கோள் ஒன்றை, விண்மீன் குடியரசில் சேர்க்கலாமா என்று பார்க்க ஒரு பிரதிநிதி வருகிறான். அங்கே ஆரஞ்சு ரோபோக்களுக்கு ஒரு நியாயம், நீல ரோபோக்களுக்கு ஒரு நியாயம். இன்னும் நேரம் வரவில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பியவன், கலத்துக்குள் போய்த் தலைக்கவசத்தைக் கழற்றுகிறான், அவன் கறுப்பினத்தவன். 1956இல் மறுபிரசுரம் செய்யப் போனபோது, அந்த முகத்தை மாற்றச் சொல்லித் தணிக்கையிலிருந்து ஆட்சேபம் வந்தது. மாற்ற மறுத்து அப்படியே அச்சிட்டார்கள். அந்தப் பதிப்பகத்தின் கடைசிக் காமிக்ஸ் இதழ் அதுதான்.

இன்னொரு கதம்ப இதழான 'மிஸ்டரி இன் ஸ்பேஸ்' 1951இல் தொடங்கியது. 1959இலிருந்து அதன் நாயகன் ஆடம் ஸ்ட்ரேஞ்ச். பூமியில் ஏதோ ஒரு மூலையில் வந்து விழும் ஸீட்டா கதிரைத் துரத்திப் பிடித்தால் அது அவனை ரான் என்ற கோளுக்குத் தூக்கிப்போகும். சண்டையை முடித்துக் காதலி அலன்னாவின் கையைப் பிடிக்கும் நேரத்தில் கதிரின் வீரியம் தீர்ந்து பூமிக்கு இழுத்துவந்துவிடும். இந்தத் தொடருக்கு மை போட்டவர்களில் மர்ஃபி ஆண்டர்சனும் ஒருவர். 1944இல் பதினெட்டு வயதில் பிளானட் காமிக்ஸில் ஸ்டார் பைரேட் வரைந்த அதே பையன்.

மனசை உறுத்தும் விஷயம் வேறொன்று. பிளானட் காமிக்ஸ் பிரதிகள் இன்று எங்கே இருக்கின்றன? போர்க்காலத்தில் பழைய காகிதம் சேகரிக்கிறோம் என்று பிள்ளைகளே கட்டுக்கட்டாகக் கொண்டுபோய்க் கொடுத்தது போக, அம்மாக்கள் அடுப்பில் போட்டது போக மிஞ்சியதில் நல்ல பிரதிகள் ஒவ்வொன்றாகக் கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் போய்க்கொண்டிருக்கின்றன. 2000ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கிய பழக்கம் இது. இதழை அனுப்பினால் மூலை மடங்கியிருக்கிறதா, ஸ்டேபிள் துருப்பிடித்திருக்கிறதா, தாள் வெள்ளையா க்ரீமா என்றெல்லாம் பார்த்து, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, பெட்டிக்குள் வைத்து மூடி முத்திரையிட்டுத் தருவார்கள். பெட்டியை உடைத்தால் மதிப்பெண் செல்லாது. மதிப்பெண் போனால் விலை போச்சு. ஆகவே யாரும் உடைப்பதில்லை. நல்ல நிலையிலுள்ள முதல் இதழ் பல்லாயிரம் டாலருக்குப் போகிறது. வாங்கியவர் பார்ப்பது முன் அட்டையையும் பின் அட்டையையும் மட்டும்.

பெட்டி இல்லாவிட்டால் இந்த அளவுகூடப் பிழைத்திருக்காது என்று சேகரிப்பாளர்கள் சொல்கிறார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் பெட்டி தடுப்பது கைவிரலையும் தூசியையும்தான். மலிவுச் செய்தித்தாள் காகிதம் மரக்கூழில் செய்தது. அதிலுள்ள லிக்னின் தாளைப் பழுப்பாக்குகிறது, காகிதத்துக்குள்ளேயே ஊறும் அமிலம் இழைகளை அரிக்கிறது. பெட்டிக்குள் இருந்தாலும் அந்த வேலை நிற்காது. முப்பது வருடம் கழித்துத் திறந்தால் உள்ளே என்ன நிலையில் இருக்கும் என்று வெளியிலிருந்து சொல்லவும் முடியாது.

மிஸ்டாவின் கதை இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. போர்க் கடவுள் மார்ஸ் உலகத்தின் விஞ்ஞான அறிவையெல்லாம் அழித்துக்கொண்டிருக்கும்போது, ஒரு விஞ்ஞானி இரண்டு குழந்தைகளின் மூளையில் மனிதகுலம் கற்றதையெல்லாம் ஏற்றி வைக்கிறார். பையன் சாகிறான். மிஸ்டா பிழைக்கிறாள். சந்திரனில் ஓர் ஆய்வுக்கூடம், துணைக்கு ஒரு ரோபோ. அவள் அங்கேயே பத்திரமாக உட்கார்ந்திருந்தால் கதையே கிடையாது. ஆபத்து வரும்போதெல்லாம் அறிவைத் தூக்கிக்கொண்டு கிளம்பி வருகிறாள்.

இன்று பிளானட் காமிக்ஸை ஒருவர் படிக்க முடிகிறது என்றால் அதற்குக் காரணம் மதிப்பெண் குறைந்த பிரதிகள். இந்த இதழ்களின் காப்புரிமை பெரும்பாலும் புதுப்பிக்கப்படாமல் பொதுச்சொத்தாகிவிட்டது. அட்டை கிழிந்து, முதுகு பிரிந்து, எவனோ ஒரு பையன் பென்சிலால் பெயர் எழுதி வைத்த பிரதிகளை ரசிகர்கள் துணிந்து பிரித்து, ஒவ்வொரு பக்கமாக ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டார்கள். நல்ல பிரதி வைத்திருப்பவருக்குப் பிரிக்க மனம் வராது. அதனால் நமக்குக் கிடைக்கும் பக்கங்களில் அங்கங்கே கறை, ஓரம் வெட்டுப்பட்ட வசனம், எங்கோ ஒரு மடிப்பில் மறைந்துபோன முகம். அதே பக்கம் பளிச்சென்று ஒரு வங்கிப் பெட்டகத்தில் இருக்கும், பெட்டிக்குள் பெட்டியாக.

புத்தகமாக மறுபதிப்பு வருகிறதே என்பார்கள். கதைப் பக்கங்கள் வருகின்றன. தபால் கட்டணச் சலுகைக்காக ஒவ்வொரு இதழிலும் கட்டாயமாகச் சேர்த்த இரண்டு பக்க உரைநடைக் கதையையும், போர்க்காலச் சேமிப்புப் பத்திரம் வாங்கச் சொல்லும் வேண்டுகோளையும், நோஞ்சான் பையனைப் பயில்வானாக்கும் விளம்பரத்தையும் எல்லா மறுபதிப்புகளிலும் எதிர்பார்க்க முடியுமா? ஹன்ட் போமன் இடிந்த நகரத்தில் அம்பு விடும் பக்கத்தைத் திருப்பினால் எதிர்ப்பக்கத்தில் என்ன இருந்தது என்பது முழு இதழைப் புரட்டினால்தான் தெரியும்.

பெட்டியின் மேல் ஒட்டும் சீட்டில் இப்போது ஓவியர் பெயர்கள் இருக்கின்றன. மேட் பேக்கர் வரைந்தது என்றால் விலையும் ஏறுகிறது. அந்தப் பெயர்களை மூக்கையும் விரலையும் பார்த்துக் கண்டுபிடித்தவர்கள் பக்கத்தைப் புரட்டியவர்கள்; அவர்களுக்கு அதில் பங்கு ஏதும் கிடையாது, அது போகட்டும். ஓவியத்தையாவது கோட்டைப் பார்த்து இன்னார் என்று சொல்லலாம். எழுதியவரைச் சொல்ல வசனத்தைத்தான் படிக்க வேண்டும். ரசிகர்கள் தயாரித்து வைத்திருக்கும் அட்டவணைகளில் பிளானட் காமிக்ஸ் கதைகளைத் தேடிப் பாருங்கள்: எழுத்தாளர் பெயர் வர வேண்டிய இடத்தில், இதழுக்கு இதழ், கேள்விக்குறிதான் நிற்கிறது.