மருந்தைச் சுமக்கும் கொழுப்புக் குமிழ்கள்

மருந்து எவ்வளவு வீரியமுள்ளதாயினும், நோயுள்ள இடத்தை அடைந்து, வேண்டிய காலம்வரை அங்குத் தங்கினாலன்றிப் பயன் தராது. இதற்குத் துணைபுரியும் பொருள்களுள் ஒன்று பாஸ்போலிபிட் என்னும் கொழுப்பாகும். முட்டையின் மஞ்சட்கருவிலும் சோயா மொச்சையிலும் இது உண்டு. நம் உயிரணுக்களைச் சூழ்ந்துள்ள சவ்வும் பெரும்பாலும் இதனாலும் புரதங்களாலும் ஆனதே.

பாஸ்போலிபிட் மூலக்கூறின் தலைப்பகுதி நீரை நாடும். வாற்பகுதி நீரை விலக்கும். ஆதலின் நீரிற் கலக்கும்போது, வால்கள் உள்ளொடுங்க, ஈரடுக்குச் சவ்வுகள் உண்டாகிக் குமிழ்களாக மூடிக்கொள்கின்றன. 1960-களில் இங்கிலாந்தில் அலெக் பாங்ஹாம் என்னும் விஞ்ஞானி இவற்றை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பின் உதவியால் ஆராய்ந்தார். இக்குமிழ்கள் லைபோஸோம் எனப்படும். நீரிற் கரையும் மருந்தை இவற்றின் உள்ளறையிலும், கொழுப்பிற் கரையும் மருந்தைச் சவ்விலும் அடைக்கலாம்.

பல அறைகளுள்ள குமிழ்களைத் திசுவினுள் ஊசியாற் செலுத்தினால், அவை சிறிது சிறிதாகச் சிதைந்து மருந்தை மெல்ல வெளிவிடும். 2011-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற புபிவகேய்ன் என்னும் வலி தணிக்கும் ஊசிமருந்து இவ்வகையது. நுரையீரற் காற்றறைகளின் உட்புறத்தில் பாஸ்போலிபிட் படலம் இயற்கையாகவே படிந்துள்ளது. ஆகவே சுவாசத்தின் வழியே அளிக்கும் மருந்துக்கும் இக்குமிழ்கள் ஏற்றவை. நுரையீரல் நோயொன்றுக்கு நாளொருமுறை சுவாசிக்கும் அமிக்காஸின் மருந்து 2018-இல் அங்கு அனுமதிக்கப்பட்டது.

நம் நாட்டில் இம்முறையின் சிறப்பை நன்கு காட்டுவது காலா அஸார் சிகிச்சையாகும். இந்நோய்க் கிருமிகள் மண்ணீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றிலுள்ள விழுங்கணுக்களில் வாழ்கின்றன. அந்நியத் துகள்களை விழுங்குவதே அவ்வணுக்களின் தொழில். ஆம்போடெரிஸின்-பி மருந்தைச் சுமக்கும் லைபோஸோம்களையும் அவை விழுங்குவதால், மருந்து கிருமியின் இருப்பிடத்திற்கே சென்று சேர்கிறது. சிறுநீரகத்திற்கு விளையும் தீங்கும் குறைகிறது. பீஹாரில் நடைபெற்று 2010-இல் வெளியான ஆய்வில், சாதாரண மருந்தை 29 நாட்களில் 15 முறை பெற்றவர்களுள் 96.3 சதவிகிதத்தினரும், லைபோஸோம் மருந்தை ஒரே முறை பெற்றவர்களுள் 95.7 சதவிகிதத்தினரும் ஆறு மாதத்தின் பின் குணமடைந்திருந்தனர். அன்றாடக் கூலியால் வாழும் குடும்பத்திற்கு ஒரு மாத ஆஸ்பத்திரி வாசம் நீங்குவது சிறு நன்மையன்று.

களப்பணியாளர் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். ஒரே முறை அளிக்கும் லைபோஸோம் மருந்தின் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம். சாதாரண ஆம்போடெரிஸினோ ஒரு நாளில் கிலோவுக்கு 1.5 மில்லிகிராமை மீறலாகாது. பெயரொற்றுமையால் ஒன்றை மற்றொன்றாகக் கொள்வது உயிருக்கே ஆபத்தாகும். லைபோஸோம் மருந்தை உறையவிடுவதும், உப்புக் கரைசலிற் கலப்பதும் கூடா. மருந்துப் புட்டியின் மேலுள்ள முழுப்பெயரை இருமுறை படித்த பின்னரே அதனைத் திறத்தல் வேண்டும்.