அக்கித் தடுப்பூசியும் மறதி நோயும்

பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் 1933 செப்டம்பர் 2-ம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு, முதுமையில் அரசு இலவசமாக ஓர் ஊசி போட்டது. அதற்கு முந்தைய நாள் பிறந்தவருக்கு அது கிடைக்கவில்லை. முந்தைய வாரம் பிறந்தவருக்கும் இல்லை. பிறகு எப்போது கேட்டாலும் தரப்போவதில்லை என்பதுதான் விதி. 2013 செப்டம்பர் 1 அன்று அக்கித் தடுப்பூசித் திட்டம் தொடங்கியபோது, மருந்துக் கையிருப்பு குறைவாக இருந்தது. எண்பதைத் தொட்டுவிட்டவர்களுக்கு அதன் பலனும் குறைவு என்று கருதினார்கள். அதனால் அரசு அங்கே ஒரு கோட்டைக் கிழித்தது.

நிர்வாக வசதிக்காகக் கிழித்த அந்தக் கோடுதான், மூளை ஆராய்ச்சியில் அண்மைக் காலத்தின் மிக முக்கியமான சேதி ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாஸ்கல் கெல்ட்செட்சரும் அவரது குழுவினரும், வேல்ஸ் முதியவர்கள் 2.8 லட்சம் பேருக்கு மேற்பட்டோரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். முடிவு 2025 ஏப்ரலில் ‘நேச்சர்’ இதழில் வந்தது. ஏழு ஆண்டுக் காலத்தில், அக்கித் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களிடம் டிமென்ஷியா எனும் மறதி நோய் புதிதாகக் கண்டறியப்படுவது சுமார் 20 சதவீதம் குறைந்திருந்தது. அதாவது, ஐந்து பேருக்கு வரவேண்டிய நோய் நான்கு பேருக்குத்தான் வந்தது.

தடுப்பூசி போட்டவர்களுக்கு மறதி நோய் குறைவு என்று இதற்கு முன்னும் ஆய்வுகள் வந்ததுண்டு. ஆனால் அவற்றை நம்பத் தயக்கம் இருந்தது, அந்தத் தயக்கமும் நியாயமானதே. ஊசியைத் தேடிப்போய்ப் போட்டுக்கொள்கிறவர் பெரும்பாலும் உணவிலும் நடைப்பயிற்சியிலும் ரத்த அழுத்த மாத்திரையிலும் அக்கறை உள்ளவர். அவருடைய மூளையைக் காப்பாற்றியது ஊசியா, அந்த அக்கறையா என்று எப்படிப் பிரித்துச் சொல்வது? வேல்ஸில் அந்தச் சிக்கல் இல்லை. ஒரு வாரம் முன்னே பிறந்தவருக்கும் ஒரு வாரம் பின்னே பிறந்தவருக்கும் சாப்பாட்டிலோ படிப்பிலோ வசதியிலோ ஒட்டுமொத்தமாக வேறுபாடு இருக்க வழியில்லை. வேறுபட்டது ஊசி மட்டும்தான். கோட்டுக்கு அந்தப் பக்கம் ஊசி போட்டவர்கள் 0.01 சதவீதம், இந்தப் பக்கம் 47 சதவீதம். அக்கியைத் தவிர, ஆராய்ந்த மற்ற நோய்கள் எதிலும் இரு பக்கத்துக்கும் இடையே இப்படியொரு வித்தியாசம் தென்படவில்லை, டிமென்ஷியாவில் மட்டுமே தெரிந்தது. ஆஸ்திரேலியாவில் 2016 நவம்பரில் இதேபோல வயதுக் கோடு போட்டு ஊசி கொடுத்தார்கள். அந்த நாட்டுப் பதிவுகளைத் தனியே ஆராய்ந்தபோதும் அதே திசையில்தான் முடிவு வந்தது. ஆட்களைக் குலுக்கலில் பிரித்து நடத்தும் மருந்துச் சோதனைக்கு இவ்வளவு நெருக்கமான சான்று, ஊசியையும் மறதியையும் பற்றி இதற்கு முன் கிடைத்ததில்லை.

அக்கிக்கும் மூளைக்கும் என்ன தொடர்பு?

சின்ன வயதில் நமக்குச் சின்னம்மை வந்து போகிறது. கொப்புளம் காய்ந்து, வேப்பிலைத் தண்ணீர் ஊற்றியதும் நோய் போய்விட்டதாக நினைக்கிறோம். வைரஸ் போவதில்லை. முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளிலும் முக நரம்பின் முடிச்சிலும் போய் ஒடுங்கிக்கொள்கிறது. நாற்பது, ஐம்பது ஆண்டுகள் கழித்து, வயதாலோ வேறு நோயாலோ நோய் எதிர்ப்புச் சக்தி தளரும்போது அது விழித்து, நரம்பு வழியே தோலுக்கு வருகிறது. உடம்பின் ஒரே பக்கத்தில், பட்டையாக, நெருப்புப் பட்டதுபோல எரியும் கொப்புளங்கள். மூன்றில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இது வருகிறது. சின்னம்மையின் அதே கிருமிதான் அக்கியாகத் திரும்புகிறது என்று விளக்கியவர், இங்கிலாந்தின் சைரன்செஸ்டர் ஊரில் குடும்ப மருத்துவராக இருந்த எட்கர் ஹோப்-சிம்ப்சன். பெரிய ஆய்வுக்கூடம் எதுவும் அவரிடம் இல்லை. தன்னிடம் வந்த நோயாளிகளின் குறிப்புகளைப் பதினாறு ஆண்டுகள் பொறுமையாகத் தொகுத்து, 1965-ல் அந்தக் கருத்தை வெளியிட்டார்.

ஒடுங்கியிருக்கும் வைரஸ் மூளைக்கும் கேடு செய்யுமா என்ற கேள்வியை எழுப்பியதற்காக நீண்ட காலம் ஒதுக்கப்பட்டவர் ரூத் இட்சாக்கி. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இருந்த இவரது குழு, இறந்த முதியவர்களின் மூளையில் வாய்ப்புண் வைரஸின் மரபணுப் பொருள் இருப்பதை 1991-ல் காட்டியது. வாயோரத்தில் கொப்புளம் கிளப்பும் அந்த வைரஸ், சின்னம்மை வைரஸின் உறவுக்காரன். டிமென்ஷியாவின் ஒரு வகையான அல்சைமர் நோய்க்கு மூளையில் படியும் அமிலாய்டு புரதமே காரணம் என்று ஆய்வுலகம் நம்பியிருந்த காலம் அது. கிருமி என்று பேசியவர்களுக்கு ஆய்வு நிதி கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. இட்சாக்கி விடவில்லை. 2022-ல், அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து அவர் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. ஆய்வகத்தில் வளர்த்த மூளைச் செல்களில் சின்னம்மை வைரஸைச் செலுத்தியபோது, அங்கே உறங்கிக்கொண்டிருந்த வாய்ப்புண் வைரஸ் விழித்துக்கொண்டது. அதன் பிறகு அல்சைமரில் காணும் அதே புரதங்கள் சேரத் தொடங்கின. ஹார்வர்டில் ராபர்ட் மோயரும் ருடால்ஃப் டான்சியும் இன்னொரு பக்கமிருந்து வந்து, அமிலாய்டு என்பது கிருமிகளை எதிர்த்து மூளை சுரக்கும் ஆயுதமாக இருக்கலாம் என்று வாதிட்டார்கள். அக்கி வைரஸ் அடிக்கடி விழிக்காமல் தடுத்தால் மூளையில் அழற்சி குறையும், அதனால் மறதியும் தள்ளிப்போகும் என்பது ஒரு விளக்கம். ஊசி ஒட்டுமொத்த எதிர்ப்புச் சக்தியையே வேறு விதமாகத் தட்டி எழுப்புகிறது என்பது மற்றொன்று. எது சரி என்று இன்னும் தீர்மானமாகவில்லை.

இந்த இடத்தில் ஒரு தோல்வியையும் சொல்லியாக வேண்டும். வைரஸ்தான் காரணமென்றால் வைரஸை அடக்கும் மாத்திரை கொடுத்தால் போதுமே என்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் தேவானந்த் தலைமையில் ஒரு சோதனை நடந்தது. ஆரம்பநிலை அல்சைமர் நோயாளிகள் 120 பேரில் ஒரு பகுதியினருக்கு வாலசைக்ளோவிர் கொடுத்தார்கள். 2025-ல் முடிவு வந்தது: பலன் இல்லை. நோய் வந்த பிறகு மருந்து கொடுப்பதும், வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே தடுப்பதும் வேறு வேறு காரியங்கள். என்றாலும், அக்கித் தடுப்பூசியை ‘மறதிக்கு ஊசி’ என்று இன்றே விளம்பரப்படுத்தினால் அது பொய்.

இந்தியாவுக்கு இது மிக முக்கியமான விஷயம். நம் நாட்டில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக 2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களுக்கும், நகரத்தைவிடக் கிராமத்துக்கும் பாதிப்பு அதிகம். வேல்ஸில் ஊசியின் பலன் பெண்களிடம்தான் கூடுதலாகத் தெரிந்தது என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆனால் நம் வீடுகளில், அம்மா அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்தாலும், பேரனின் பெயரையே மறந்தாலும், ‘வயசானா அப்படித்தான்’ என்று சொல்லிக் கடந்துபோகிறோம்.

அக்கியையும் நாம் இலேசாகத்தான் எடுத்துக்கொள்கிறோம். தமிழ்நாட்டுக் கிராமங்களில் அக்கி வந்தால் குயவர் வீட்டுக்குப் போய்க் காவி குழைத்து ‘அக்கி எழுதி’ வருவது இன்றும் நடக்கிறது. சூட்டினால் வந்தது, காவி குளிர்ச்சி தரும் என்பது நம்பிக்கை. அந்தக் குளுமை எரிச்சலுக்கு இதமாக இருக்கலாம், நரம்பில் ஓடும் வைரஸை அது தொடாது. கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைத் தொடங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் புண் ஆறிய பிறகும் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், நரம்பு வலி நீடிக்கலாம். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ வந்தால் கண்பார்வைக்கே ஆபத்து. சர்க்கரை நோயாளிகளுக்கு அக்கி வரும் வாய்ப்பு கூடுதல்.

வேல்ஸில் போட்டது உயிருள்ள, ஆனால் வீரியம் குறைக்கப்பட்ட வைரஸைக் கொண்ட பழைய ஊசி. ஜப்பானின் மிச்சியாக்கி தகஹாஷி, தன் மகன் சின்னம்மையில் பட்ட துன்பத்தைப் பார்த்த பிறகு உருவாக்கிய வைரஸ் வகையிலிருந்து வந்தது அது. 2020-ல் அமெரிக்காவில் அதன் விற்பனை நின்றுபோனது. இப்போது கிடைப்பது ஷிங்ரிக்ஸ் என்ற புதிய ஊசி. உயிருள்ள வைரஸ் இதில் கிடையாது, இரண்டு தவணை. அக்கியைத் தடுப்பதில் பழையதைவிட மிகச் சிறந்தது. பழைய ஊசி போட்டவர்களைவிடப் புதியதைப் போட்டவர்கள் டிமென்ஷியா இல்லாமல் வாழ்ந்த காலம் 17 சதவீதம் கூடுதல் என்று ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு 2024-ல் கண்டது. இந்தியாவில் 2023 முதல் 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கிடைக்கிறது. அரசுத் திட்டத்தில் இல்லை. கைக்காசு பல ஆயிரம் ஆகும்.

பழைய ஊசியை வைத்து முறையான சோதனை நடத்த கெல்ட்செட்சர் 2025-ல் நிதி தேடிவந்தார். லாபம் தராத ஒரு மருந்துக்கு நிறுவனங்கள் செலவழிக்க மாட்டா. பொதுப்பணம்தான் வர வேண்டும். உலகுக்கே தடுப்பூசி தயாரித்து அனுப்பும் இந்தியா, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வழியாக இந்தச் சோதனையை நம் முதியவர்களிடையே நடத்த முன்வர வேண்டும். அதுவரை, ஐம்பதைக் கடந்த வாசகர்கள், குறிப்பாகச் சர்க்கரை நோய் உள்ளவர்கள், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அக்கித் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். அந்த வலியைத் தடுப்பதற்காக மட்டுமே போட்டுக்கொண்டாலும் அது வீண்போகாது.