எல்லுக்குப் பக்கத்து விசை

வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்துப்போட்ட மடிக்கணினிகள் தூசி தட்டப்பட்டு, பேட்டரி மாற்றப்பட்டு நம் ஊர்க் கடைகளுக்கு வருகின்றன. கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்குப் புதிது வாங்க வழியில்லாத வீடுகளுக்கு அதுதான் தோது. விருத்தாசலத்துக்குத் தெற்கே, வெள்ளாற்றை ஒட்டிய கருவேப்பிலங்குறிச்சியில் ஒரு வீட்டுக்கு அப்படி ஒரு பெட்டி வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். திறந்தால் குழப்பம். எல் எழுத்துக்கு வலப்பக்கம், அரைப்புள்ளி இருக்கவேண்டிய இடத்தில், தலையில் அலைக்கோடு போட்ட ஓர் 'என்' உட்கார்ந்திருக்கிறது. ஸ்பானியர்கள் அதை எஞ்ஞே என்பார்கள். ஏறக்குறைய நம் ஞகரத்தின் ஒலி. மின்னஞ்சல் முகவரி அடிக்கப் போனால் ஷிப்டோடு 2-ஐ அழுத்தினாலும் 'அட்' குறி வராது. இரட்டை மேற்கோள் வரும். ஸ்பெயின் நாட்டு விசைப்பலகை என்றால் வலது ஆல்ட்டோடு 2. மெக்ஸிகோ பக்கத்து விசைப்பலகை என்றால் அதே ஆல்ட்டோடு க்யூ. ஒரே மொழிதான், பலகை இரண்டு.

கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்க ஓட வேண்டியதில்லை. தன் தலையில் என்ன அச்சடித்திருக்கிறது என்பது எந்த விசைக்கும் தெரியாது. அழுத்தியதும் அது உள்ளே அனுப்புவது 'இன்ன இடத்து விசை அமுங்கியது' என்கிற ஓர் எண்ணை மட்டும்தான். அந்த எண்ணை எழுத்தாக மாற்றும் அட்டவணை விண்டோஸில் இருக்கிறது. அட்டவணையை மாற்றினால் அதே விசை அரைப்புள்ளியும் அடிக்கும், எஞ்ஞேயும் அடிக்கும், தமிழும் அடிக்கும்.

அப்படியானால் மேலே எதை அச்சடித்தால் என்ன என்று தோன்றலாம். ஸ்பெயின் அப்படி நினைக்கவில்லை. எஞ்ஞே இல்லாத கணினிகளைத் தன் நாட்டில் விற்கக்கூடாது என்று அது விதி வைத்திருந்தது. அது தடையற்ற வணிகத்துக்கு இடைஞ்சல், எடுத்துவிடுங்கள் என்று 1991-ல் ஐரோப்பிய சமூகம் சொன்னது. நாடே கொதித்தது. கொலம்பிய எழுத்தாளர் கார்சியா மார்க்கேஸ்கூட அந்த எழுத்துக்காகக் குரல் கொடுத்தார். 1993 ஏப்ரலில் ஸ்பெயின் அரசாணை போட்டு எஞ்ஞேயைத் தக்கவைத்துக்கொண்டது. ஸ்பானிய மொழியைப் பரப்பும் செர்வாந்தெஸ் நிறுவனம் அதையே தன் சின்னத்திலும் வைத்துக்கொண்டது.

நமக்கு வருவோம். எல்லுக்குப் பக்கத்து அந்த விசை நம் தட்டச்சுப் பொறியில் என்ன தெரியுமா? புள்ளி. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் முதல் நாள் உட்கார்ந்தவர்களுக்கு இடக்கை யளனகவும் வலக்கை தமடவும் விரலிலேயே இருக்கும். வலது சுண்டுவிரலுக்குக் கீழே கிடப்பதுதான் புள்ளி. அதை அடித்தால் புள்ளி விழும், உருளை நகராது. அடுத்து 'ப' அடித்தால் அந்தப் புள்ளிக்கு அடியிலேயே விழுந்து 'ப்' ஆகும். ஆகவே எழுதும்போது எழுத்துக்குப் பின் வைக்கும் புள்ளியை அடிக்கும்போது முன்னால் அடிக்கவேண்டும். ஸ்பெயின் நாட்டுப் பலகையில் எஞ்ஞேக்கு அடுத்த விசையும் இதே ஜாதி. அதைத் தட்டினால் திரையில் ஒன்றும் வராது. அடுத்து உயிரெழுத்தைத் தட்டியதும் அதன் தலையில் சாய்கோட்டை ஏற்றிவிடும். கெட்டுப்போன விசை என்று நினைத்து ஓங்கி ஓங்கி அடிப்பவர்கள் உண்டு.

தமிழுக்குத் தட்டச்சுப் பொறியை அமைத்துக் கொடுத்தவர் யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886-ல் பிறந்து மலாயாவுக்குப் போன ரா. முத்தையா. இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளை ஒரு கைப்பெட்டிக்குள் அடக்குவது சாதாரண வேலையல்ல. இரும்புக்கரம் காகிதத்தில் போய் மோதும் பொறியில், கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே அடித்தாகவேண்டும்: 'வே' என்றால் முதலில் இரட்டைக்கொம்பு, பிறகு 'வ'. அந்தக் காலத்து இரும்புக்கு அது சரி. கணினிக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட்'99 மாநாடு கூடியது. அதில் உருவான விசைப்பலகைதான் தமிழ்99. அதே ஆண்டு ஜூனில் தமிழ்நாடு அரசு அதைத் தரமாக அறிவித்தது. அதில் உயிரெழுத்துகள் இடக்கையில். மெய்கள் பெரும்பாலும் வலக்கையில். நடு வரிசையில் அ, இ, உ என்று குறில்கள். நேர் மேலே ஆ, ஈ, ஊ என்று நெடில்கள். 'வ' தட்டி 'ஏ' தட்டினால் 'வே'. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். ங-வுக்குப் பின் க, ஞ-வுக்குப் பின் ச, ந-வுக்குப் பின் த என்று இனஎழுத்து சேர்ந்தாலும் அப்படியே.

கருவேப்பிலங்குறிச்சி என்று அடித்துப் பாருங்கள். க, ர, உ, வ, ஏ, ப, ப, இ, ல, ங, க, உ, ற, இ, ச, ச, இ. பதினேழு தட்டல். ஷிப்ட் ஒரு முறைகூட வேண்டாம். மெய்யெழுத்து மூன்று: ப், ங், ச். மூன்றுக்குமே புள்ளி விசையைத் தொடவில்லை. இதையே ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து அடிப்பவர் அகரத்துக்கும் ஒரு தட்டு தட்டவேண்டும், வல்லின றகரத்துக்கு ஷிப்டைப் பிடிக்கவேண்டும். பழக்கம் என்பதற்கு மேல் அந்த முறைக்கு ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை. தமிழில் யோசித்து, மனசுக்குள் இங்கிலீஷில் எழுத்துக்கூட்டி, திரையில் தமிழாக வாங்குவது வீண் சுற்று.

ஆனால் இளைஞர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. தமிழ்99-ஐத் தரம் என்று அறிவித்த அரசே தட்டச்சர் வேலைக்குக் கேட்பது தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் தட்டச்சுச் சான்றிதழை. அந்தத் தேர்வு வளர்ந்தது பழைய பொறியில், யளனக வரிசையில். தாலுகா ஆபீஸ் வாசலில் மனு அடித்துக் கொடுப்பவரும் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டி.டி.பி. கடைக்காரரும் அந்த வழி வந்தவர்களே. அவர்கள் கணினியிலும் பழைய வரிசையையே வைத்திருக்கிறார்கள். விரலில் ஏறிய வரிசை லேசில் இறங்காது. ஸ்பெயின் ஓர் எழுத்துக்காக அரசாணை போட்டது. இங்கே அரசாணை ஒரு பக்கம், வேலைக்கான தேர்வு ஒரு பக்கம். கடையில் விற்கும் மடிக்கணினியில் தமிழ் எழுத்து பொறித்திருப்பதோ அபூர்வம். நாளைக்கே தட்டச்சுத் தேர்வில் தமிழ்99-ஐயும் ஏற்போம் என்று சொன்னால், பயிலகங்கள் அடுத்த சேர்க்கைக்குள் அதைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிடும் என்பது என் கணிப்பு.

அந்த ஸ்பானிய மடிக்கணினிக்கு என்ன செய்வது? விண்டோஸ் அமைப்புகளில் மொழிப் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்து, அதன் கீழ் தமிழ்99 விசைப்பலகையைத் தேர்ந்தெடுக்கலாம்; ஆங்கிலத்துக்கு அமெரிக்கப் பலகையை வைத்துக்கொள்ளலாம். விண்டோஸ் விசையோடு இடைவெளி விசையை அழுத்தினால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும். இப்போது எஞ்ஞே பொறித்த விசையைத் தட்டினால் வருவது 'ந'. அதற்கடுத்த சாய்கோட்டு விசையில் 'ய'. வலது ஷிப்டை ஒட்டி, சிறுகோடு போட்ட விசையில் 'ழ'. ஒன்றே ஒன்று உறுத்தும்: ஐரோப்பியப் பெட்டிகளில் இடது ஷிப்டைக் குட்டையாக்கி, இசட்டுக்கு முன்னால் ஒரு விசையைக் கூடுதலாகச் செருகியிருப்பார்கள். ஷிப்ட் என்று நினைத்துச் சுண்டுவிரல் அடிக்கடி அதில் போய் விழும். அமெரிக்கப் பலகையில் இருந்தால் ஒவ்வொரு முறையும் ஒரு பின்சாய்கோடு திரையில் வந்து நிற்கும்.