புரைச் சிகிச்சையும் விழித்திரையும்

தறியில் அறுந்த இழையைக் காண்பதும், பயிரில் பூச்சி விழுந்த இலையை அறிவதும் கண்ணால்தான். அண்மையில் தணிக்கைக்குச் சென்றிருந்த ஓர் ஊரில், சங்க அங்கத்தினரான முதிய நெசவாளர் ஒருவர், "ஐயா, புரையை எடுக்கும்போது கண்ணுக்குள்ளேயே மருந்து செலுத்துகிறார்களாமே, அதனால் கெடுதல் உண்டா?" என்று வினவினார். கேள்வி நியாயமானது.

புரையை அகற்றும்போது கிருமி உட்புகுந்தால் பார்வையே அழியக்கூடும். அதைத் தடுக்கவே கிருமிக்கொல்லி மருந்து செலுத்தப்படுகிறது. அரவிந்த் கண் மருத்துவமனையினர் 6 லட்சத்துக்கு மேற்பட்ட சிகிச்சைகளை ஆராய்ந்து 2017-ல் ஒரு கணக்கு வெளியிட்டனர். மாக்சிஃபிளாக்சசின் செலுத்தாதபோது 10,000 கண்களில் சுமார் 7 கண்களில் கிருமி தாக்கியது. செலுத்தியபோது அது 2 ஆகக் குறைந்தது.

எனினும், எல்லா மருந்தும் விழித்திரைக்கு இசைவதில்லை. ஜென்டாமைசின் கண்ணுக்குள் சென்றால் விழித்திரையின் நடுப்பகுதிக்குச் செல்லும் நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைத்துவிடக்கூடும். வான்கோமைசின், சரியான அளவில் கொடுத்தும், மிக அரிதாகச் சிலருக்கு இரத்தக் குழாய் அழற்சியையும் இரத்தக் கசிவையும் உண்டாக்கியது. அமெரிக்க நிபுணர் குழு 2017-ல் வெளியிட்ட அறிக்கையில் 23 நோயாளிகளின் 36 கண்கள் இவ்வாறு பாதிக்கப்பட்டிருந்தன. அவற்றுள் 8 கண்கள் வெளிச்சத்தைக்கூட உணரவில்லை. அவ்வாண்டு அக்டோபரில் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம், புரைச் சிகிச்சையில் முன்காப்பாக இம்மருந்தைக் கண்ணுக்குள் செலுத்துவது குறித்து எச்சரித்தது. கிருமி ஏற்கெனவே தாக்கிய கண்ணுக்கு இம்மருந்து இன்றும் பயன்படுகிறது என்பதையும் மறத்தல் கூடாது.

இதில் வஞ்சகம் யாதெனில், முதல் நாள் பார்வை நன்றாகவே இருக்கும். பல நாட்கள் கழித்தே, பெரும்பாலும் வலியின்றி, பார்வை மங்கும். அதற்குள் மறு கண்ணுக்கும் அதே மருந்து செலுத்தப்பட்டால் இரண்டும் பறிபோகலாம். முதல் நாள் வரவைப் பார்த்து மாதக் கணக்கு சரியென்று நாம் கையெழுத்திடுவதில்லையே!

ஆகவே அங்கத்தினர்களுக்கு என் வேண்டுகோள் இது: அஞ்சிச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்; புரை முற்றினால் இழப்பே மிகும். எந்த மருந்து செலுத்தப்படும் என்று வைத்தியரைத் தயங்காது கேளுங்கள். முதற்கண் எவ்வாறு இருக்கிறது என்று பரிசோதித்த பின்னரே மறு கண்ணுக்கு நாள் குறியுங்கள். வலி இல்லாவிடினும், பார்வை மங்கினால் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

முதியவர் அனைத்தையும் கேட்டுவிட்டு, "அப்படியானால் பாவு முடிந்ததும் போய்வருகிறேன்" என்றார். பாவு காத்திருக்கும், கண் காத்திராது என்றேன்.