வாக்குக் கேட்கும் மாணவன்



சென்ற விடுமுறையில் என் பழைய மாணவன் ஒருவன் என்னைக் காண வந்தான். பல்கலைக்கழகத்தின் கலைப்பீடத்திலே இரண்டாம் ஆண்டிற் பயில்பவன். நெடுநேரம் வேறு செய்திகளைப் பேசியிருந்துவிட்டு, விடைபெறும் வேளையில், “ஐயா, மாணவர் ஒன்றியத்தின் செயலாளர் பதவிக்கு என்னை நிற்கும்படி கேட்கிறார்கள். நிற்கலாமா?” என்று வினவினான்.

“நில், தம்பி. அதிலே உனக்கு என்ன தயக்கம்?” என்றேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டு, “புதுமுக மாணவருக்குச் செய்யும் பகிடிவதையைப் பற்றி நான் வாய்திறவாதிருந்தால், மூத்த மாணவர் அனைவரும் ஓரணியாக எனக்கு வாக்களிப்பார்களாம்” என்றான்.

அன்று அவனுக்கு நான் கூறிய விடையைச் சற்றே விரித்துரைப்பதுதான் இன்றைய பேச்சின் நோக்கம்.

மாணவர் ஒன்றியம் என்பது யாது? பல்கலைக்கழகத்திற் பயில்வோர் தம் தேவைகளை நிருவாகத்தினருக்கு முறைப்படி எடுத்துரைப்பதற்காகத் தாமே தெரிந்தெடுத்துக்கொள்ளும் அமைப்பே அது. நம் நாட்டின் 1978ஆம் ஆண்டு 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம் மாணவர் அமைப்புகளுக்கு இடமளித்திருக்கிறது. விடுதியில் இடமின்மை, சிற்றுண்டிச்சாலை உணவின் தரம், நூலகம் திறந்திருக்கும் நேரம், பரீட்சை அட்டவணை, மகாபொல உதவிப்பணத்தின் தாமதம் என்பனவே பெரும்பாலும் அதன் முன் வரும் பொருள்கள். இவை சிறியன போலத் தோன்றலாம். ஊரிலிருந்து ஒரு பெட்டியோடு வந்து, தங்க இடமின்றி நிற்கும் பிள்ளைக்கு இவை சிறியன அல்ல.

ஒன்றியத்தின் பதவிகள் வெறும் அலங்காரமல்ல. தலைவர் கூட்டத்தை நெறிப்படுத்துவார். செயலாளர் கூட்டக் குறிப்புகளையும் கடிதப் போக்குவரத்தையும் பேணுவார். பணத்தைக் கையாளும் மாணவரை இளம்பொருளாளர் என்றும், அக்கணக்கை மேற்பார்வை செய்யும் விரிவுரையாளரைப் பெரும்பொருளாளர் என்றும் நம் பல்கலைக்கழகச் சங்கங்களில் வழங்குவர். பொதுப்பணத்துக்குக் கணக்குக் காட்டுதல் நமக்குப் புதிய அறமன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு, முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவர்களின் பெயரைக் குடத்தில் இடலாகாது என விதித்திருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அவ்விதியை இன்றைய வேட்பாளரும் நினைவிற் கொள்ளல் நன்று.

தேர்தலில் நிற்க விரும்புவோர் முதலிலே சங்கத்தின் யாப்பை ஊன்றிப் படித்தல் வேண்டும். நியமனப்பத்திரத்துக்குரிய இறுதி நாள் எது, முன்மொழிவோரும் வழிமொழிவோரும் எத்தகுதியுடையோராய் இருத்தல் வேண்டும், வாக்கெண்ணும் இடத்தில் யார் இருக்கலாம் என்பவற்றை அறியாமல் களத்தில் இறங்குவோர் பின்னர் பிறரைக் குறைகூறிப் பயனில்லை. அடுத்து, வாக்காளரை நேரிலே சென்று காணுதல் வேண்டும். தம் மொழி பேசுவோரை மட்டுமன்றி, சிங்களம் பேசும் மாணவரையும் அவர்கள் மொழியிலே நாலு வார்த்தை பேசிக் கண்டுவருவோர், வாக்குக் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், ஒரு நட்பைத் தேடிக்கொள்வர்.

வாக்குறுதி அளிக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். “புதிய விடுதி கட்டித் தருவேன்” என்று ஒரு மாணவச் செயலாளர் சொல்வது பொய். “விடுதியில் இடமில்லாதோரின் பட்டியலைத் தயாரித்துத் துணைவேந்தரிடம் கையளித்து, எழுத்தில் மறுமொழி பெற்று, அதை அறிவித்தற்பலகையில் ஒட்டுவேன்” என்பது செய்யக்கூடிய வாக்குறுதி.

தோற்றுவிட்டால் என்ன செய்வது என்று அஞ்சுவோருக்கு ஒரு வரலாற்றைச் சொல்வேன். இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் 1823இல் தோன்றிய யூனியன் என்னும் மன்றம் உண்டு. அது மாணவரின் உரிமை பேசும் ஒன்றியமன்று, விவாத மன்றமே. ஆயினும் அதன் பதவிகளுக்குத் தேர்தல் நடைபெறும். அங்கே எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க 1923இல் செயலாளராகவும் பின்னர் இளம்பொருளாளராகவும் தெரிவானார். தலைவர் பதவிக்கு நின்றபோது தோல்வியுற்றார். அத்தோல்வியோடு அவர் பொதுவாழ்வு முடிந்துவிடவில்லை. 1956இல் இலங்கையின் பிரதமரானார். அவர் அரசியலை ஏற்போரும் மறுப்போரும் உளர்; அது வேறு பொருள். அவருக்குக் கிட்டாத அத்தலைமை 1958இல் லலித் அத்துலத்முதலிக்கும், 1959இல் தமிழராகிய லக்ஷ்மன் கதிர்காமருக்கும் கிட்டியது.

சொல்லால் வாதித்து வெல்லும் பயிற்சியை ஒரே மன்றத்திற் பெற்ற இம்மூவரும் முறையே 1959, 1993, 2005ஆம் ஆண்டுகளில் துப்பாக்கிக்கு இரையாயினர் என்பதை எண்ணும்போது நெஞ்சம் கனக்கின்றது. சொல் இருக்கவேண்டிய இடத்தில் அச்சம் வந்து அமர்ந்தால் நேரும் கேடு அது. அவ்வச்சத்தின் முதற்பாடத்தைப் பல்கலைக்கழக வாயிலிலேயே கற்பிப்பதுதான் பகிடிவதை.

1997இல் நம் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் பகிடிவதையால் உயிரிழந்தார். மறு ஆண்டில், 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அக்கொடுமையைக் குற்றமாக்கியது. இரண்டு ஆண்டு வரை கடூழியச் சிறையும், கொடுங்காயம் முதலியன நேரின் பத்து ஆண்டு வரை சிறையும் அதற்குத் தண்டனையாகும். சட்டம் இருந்தும் வழக்கம் ஒழியாமைக்குக் காரணம், கண்டவர்கள் பேசாதிருப்பதே.

ஆதலின் என் மாணவனுக்கு நான் சொன்னது இதுதான்: “மௌனத்தை விலையாகக் கொடுத்துப் பெறும் வாக்கு வாக்கன்று, கடன். பதவிக்கு வந்தபின் அக்கடனைப் புதுமுகப் பிள்ளைகளின் கண்ணீரிலே நீ தீர்க்க வேண்டிவரும். தேர்தலில் நில். பகிடிவதைக்கு எதிரானவன் என்று சொல்லிக்கொண்டே நில்.”

அவன் நின்றான், தோற்றான். முடிவு வந்த இரவு தொலைபேசியிற் பேசியபோது அவன் குரல் தளர்ந்திருந்தது. இரு வாரங்களின் பின் மீண்டும் பேசினான். முதலாம் ஆண்டு மாணவர் இருவர் அவன் அறைக்கு வந்து, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு எழுத உதவும்படி கேட்டனராம். “எழுதிக் கொடுத்தாயா?” என்றேன். “மூவருமாக இருந்து எழுதினோம், ஐயா” என்றான்.

ஒன்றியத்தில் அவனுக்குப் பதவி கிடைக்கவில்லை. பதவிக்குரிய பணி அவனைத் தேடி வந்துவிட்டது. உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இக்கேள்வியோடு வரக்கூடும். “படிப்பைக் கவனி, இது உனக்கு எதற்கு?” என்று அனுப்பிவிடாதீர்கள். யாருடைய வாக்கை, எதைக் கொடுத்துப் பெறப்போகிறாய் என்று மட்டும் கேளுங்கள்.